ஏழாம் நம்பர் மலையின் கடைசி நிரை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஓர் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை இது நடந்தது. இடம் கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன், மலையின் நம்பரும் நிரையும்கூட இங்கே மாற்றியவைதான். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அப்போது நான் சமூகவியலில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வேலை செய்யும் இடத்தில் ஆபத்து இருப்பதைக் கண்டால் தோட்டத்துப் பெண்கள் அதை யாரிடம் சொல்கிறார்கள், சொன்ன பேச்சு எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதுதான் என் தலைப்பு. நானும் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள்தான். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதனால் பல்கலைக்கழகத்தில் யாராவது தோட்டத்தைப் பற்றி ஏதாவது தப்பாகச் சொன்னால் போதும், எழுந்து நின்று திருத்துவேன். எனக்குத் தெரியாத தோட்டமா என்ற மிதப்பு நிறையவே இருந்தது. என் சொந்தக்காரர்கள் மட்டும், இவள் டாக்டருக்குப் படிக்கிறாள், ஆனால் ஊசி போடத் தெரியாது என்று இன்றுவரை கேலி செய்கிறார்கள்.

அந்தத் தோட்டத்துக்கு எட்டு மாதம் போய் வந்தேன். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் தன் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். பகலில் பெண்கள் மலைக்குப் போய்விடுவார்கள். மாலை ஐந்து மணிக்குமேல் லயம் லயமாகப் போய், அடுப்படியில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசுவேன்.

அப்படிப் பேசியவர்களில் ஐம்பதை நெருங்கிய ஓர் அக்கா இருந்தார். கணவர் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். தோட்டத்து வேலையில் பெயர் இருக்கிறவரைக்கும்தான் அந்தக் காம்பரா அவர்களுக்கு. பெயர் போனால் வீடும் போகும். ஐந்தாறு முறை போன பிறகும் அவர் என்னிடம் மழையையும் மகளின் படிப்பையும் தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஒருநாள் மகள் கடைக்குப் போன நேரத்தில், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

நான் போவதற்கு முந்தின வருடம் ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒன்பது பெண்களைக் கொட்டியிருந்தது. அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இறந்தவர் இந்த அக்காவோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாக மலைக்குப் போனவர். ஓடைக்கரை மரத்தில் கூடு இருக்கிறது என்று யாரும் முன்கூட்டி அறிவிக்கவில்லை என்றுதான் தோட்டத்துப் பதிவில் எழுதியிருந்தது. ஆனால் அந்தக் கூட்டை இந்த அக்கா பார்த்திருக்கிறார். இரண்டு நாள் முன்பே கண்டாக்கையாவிடம், அதாவது மலை வேலையைப் பார்க்கும் அதிகாரியிடம், நேராகச் சொல்லியும் இருக்கிறார். பார்ப்போம் என்றாராம். மூன்றாம் நாள் அதே மலைக்குத்தான் எல்லோரையும் அனுப்பினார்கள்.

"என் பேரு வேணாம் டீச்சர். இந்தக் காம்பராவ விட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்ல. சாமி மேல சத்தியம் பண்ணுங்க" என்றார்.

நான் சத்தியமும் செய்தேன், பல்கலைக்கழகத்துச் சம்மதப் படிவத்தையும் வாசித்துக் காட்டினேன். படிவத்தில் உங்கள் அடையாளம் பாதுகாக்கப்படும் என்று அச்சடித்திருந்தது. அதை வாசிக்கும்போது எனக்கே பெரிய பாதுகாப்பாகத் தோன்றியது.

ஆய்வு முடிந்ததும் ஒரு சுருக்க அறிக்கையைத் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அனுமதிக் கடிதத்தில் இருந்த நிபந்தனை. ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். லயங்களில் கொடுப்பதற்குத் தமிழிலும் எழுதினேன். எல்லாப் பெயரையும் மாற்றினேன். அந்த அக்காவுக்கு ஒரு பூவின் பெயரை வைத்தேன். தோட்டத்தின் பெயரையும் மாற்றினேன். என் பேராசிரியர் வாசித்துவிட்டு, இடம் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது என்று பாராட்டினார். தலைகால் புரியவில்லை எனக்கு.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஆங்கிலப் பிரதியை உறையில் போட்டு ஒட்டித் தோட்ட ஆபிஸில் பெரிய கிளாக்கரிடம் கொடுத்தேன். துரை, அதாவது தோட்ட மேனேஜர், நுவரெலியாவில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், மூன்று மணிக்கு வந்ததும் பார்ப்பார் என்று சொல்லி, உறையைத் துரையின் மேசையில் வைத்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு நுவரெலியா பஸ்ஸில் ஏறினேன். நானுஓயாவுக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். எட்டு மாத வேலை முடிந்தது என்ற நிம்மதி. லயங்களில் இன்னும் கொடுக்காத தமிழ்ப் பிரதிகளில் ஒன்றை எடுத்து மடியில் வைத்து நானே ரசித்து வாசித்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கையில் கிளினிக் அட்டை. அதே தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் வேலை செய்கிறவர் என்று பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது. நாங்கள் அதுவரை சந்தித்ததில்லை. என்ன வாசிக்கிறீங்க என்று கேட்டார். இதுபோல ஒருவர் வாசிக்க வேண்டும் என்றுதானே தமிழில் எழுதினேன் என்று பெருமையாகக் கையில் கொடுத்தேன். விரலை வைத்து மெதுவாக வாசித்துக்கொண்டு போனவர், நான்காம் பக்கத்தில் நின்றார். முகம் மலர்ந்தது.

"அட, இது நம்ம மேட்டு லயத்து அக்காவுல்ல!" என்றார். அந்த அக்காவின் சொந்தப் பெயரையே சொன்னார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"என்னாங்க மிஸ், நீங்கதானே எழுதியிருக்கீங்க. ஏழாம் நம்பர்ல ஓடையோரக் கடைசி நெரைன்னா வேற யாரு? அந்த நெரைய அவுங்களத் தவிர யாரு கேட்டு வாங்குவா?"

கொழுந்து மலையில் ஆளுக்கொரு நிரை. செடிகளின் ஒரு வரிசையைப் பிடித்து மேலிருந்து கீழே பறித்துக்கொண்டு போக வேண்டும். காலையில் கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார். ஓரத்து நிரை என்றால் வழுக்கலும் அட்டைக்கடியும்தான். யாரும் விரும்ப மாட்டார்கள். அந்த அக்கா மட்டும் பிள்ளை சின்னதாக இருந்த காலத்தில், அங்கே நின்றால் பிள்ளையை விட்டுவிட்டு வரும் பிள்ளைக்காம்பராவின் வாசல் தெரிகிறது என்று அதைக் கேட்டு வாங்கினாராம். பிறகு அது அவருடைய நிரையாகவே ஆகிவிட்டது. இதெல்லாம் அவரே எனக்குச் சொன்னதுதான். நான் பெயரை மாற்றிவிட்டு நிரையை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். கொழும்பில் பிறந்த ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். என் அம்மா இருபது வருடம் பிடித்த நிரை எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். நான் செய்ததற்கு என்ன சொல்வது?

மணி ஒன்றேகால். மூன்று மணிக்குத் துரை உறையைப் பிரிப்பார். நான்காம் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அது யாருடைய நிரை என்று கண்டாக்கையாவிடம் கேட்டால் போதும். அடுத்த ஹோல்ட்டில் இறங்கிவிட்டேன். அந்தப் பெண்ணிடமிருந்து பிரதியை வாங்கினேனா பிடுங்கினேனா என்றுகூட நினைவில்லை.

திரும்பிப் போக பஸ் இல்லை. கடையோரம் நின்ற ஆட்டோக்காரரைக் கெஞ்சி ஏறினேன். மூடுபனி இறங்கி, பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. ஆபிஸுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த உறையை எடுத்து வைத்துவிடுங்கள் என்று பெரிய கிளாக்கரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவரே முதலில் பிரித்துப் பார்ப்பார் என்று பயம் வந்தது. தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். அந்த அக்காவும் மகளும் சாமான்களை மூட்டை கட்டி லயத்து வாசலில் வைத்திருப்பது போல ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது. அதோடு இன்னொரு நினைப்பும் வந்தது. இந்த விஷயம் வெளியே வந்தால் என் பட்டம் என்ன ஆகும்? அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேனே தவிர நினைப்பு போகவில்லை.

தோட்டத்துப் பாதையில் பாதி தூரம் போனதும் ஆட்டோ நின்றுவிட்டது. மண் சரிந்து பாதியை மூடியிருந்தது. நடந்து போனால் குறுக்கு வழி ஒன்று உண்டு. அது ஏழாம் நம்பர் மலை வழியாகப் போகிறது. இறங்கி ஏறத் தொடங்கினேன். மழைத் தூறலில் செருப்பு வழுக்கியது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கீழே ஓடைச் சத்தம் கேட்டது. அந்த மரத்தை எனக்கு அடையாளம் தெரியும். கூட்டை எரித்துவிட்டார்கள் என்றும் தெரியும். ஆனாலும் காதுக்குள் ரீங்காரம் கேட்பது போலவே இருந்தது. குனிந்து, முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு ஓடினேன். இந்தப் பயத்தோடுதான் அவர்கள் தினமும் இங்கே நின்று பறிக்கிறார்கள் என்பது எட்டு மாதத்தில் எனக்கு உறைக்காமல், அந்த ஐந்து நிமிடத்தில் உறைத்தது.

மேல் பாதையில் ஏறியபோது பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். பார்த்தால் கண்டாக்கையா.

"என்னா மிஸ், போகலையா? இந்த மழையில எங்க இப்படி?"

ஆபிஸில் ஒரு காகிதத்தை மறந்துவிட்டேன் என்றேன். ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன் என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஐம்பது. நடந்தால் இன்னும் அரை மணி நேரம் ஆகும். யாரிடமிருந்து அந்தக் காகிதத்தை மறைக்க ஓடுகிறேனோ, அவர் பின்னாலேயே ஏறி உட்கார்ந்தேன்.

அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மகன் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போவதைப் பற்றி நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் வண்டியை மெதுவாக்கி, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"ரிப்போட்டு குடுத்திட்டீங்களாமே. குளவி விசயம் எதும் எழுதலத்தானே? மேல இன்னும் அத நோண்டிக்கிட்டு இருக்காங்க. யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்கன்னு வந்தா, சொன்னவங்களுக்குத்தான் மிஸ் கரச்சல்."

பொதுவாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். மழையில் நனைந்ததால் நடுங்குகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

ஆபிஸ் முற்றத்தில் துரையின் ஜீப் நின்றுகொண்டிருந்தது.

பெரிய கிளாக்கர் எழுந்து என்னவென்று கேட்பதற்குள் நான் துரையின் அறைக்குள் நுழைந்துவிட்டேன். வெறுங்காலோடு, கையில் செருப்போடு. துரை சிங்களவர், என்னைவிட வயதில் கொஞ்சம்தான் மூத்தவர், மரியாதையாகப் பேசுபவர். உறை பிரிந்து மேசையில் கிடந்தது. அறிக்கை அவர் கையில் இருந்தது. இரண்டாம் பக்கம். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

இதில் ஒரு பிழை நடந்துவிட்டது, திருத்திவிட்டுத் தருகிறேன் என்றேன். எங்கே பிழை என்று கேட்டார். வாய்க்கு வந்தது அட்டவணை. அட்டவணையில் என்று சொன்னேன். அவர் அட்டவணையைத் தேடிப் பக்கத்தைத் திருப்பினார். மூன்று. அட்டவணை இருந்தது ஐந்தாம் பக்கத்தில். அடுத்த தாளின் ஓரத்தில் அவருடைய விரல் இருந்தது.

அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். துரையின் அறைக்குள் என் அம்மா செருப்போடு போனதில்லை. என் அப்பா அந்த வாசலில் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர். நான் துரையின் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே டைப் அடிக்கும் சத்தமும் நின்றுவிட்டது. துரை, திருத்திய பிரதி திங்கட்கிழமை வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு எனக்கு அந்தத் தோட்டத்துக்குள் ஆய்வுக்கு அனுமதி கிடைக்கவே இல்லை.

காகிதம் கையில் வந்துவிட்டது. அப்படியே ரயிலுக்குப் போயிருக்கலாம். ஆனால் பஸ்ஸில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டதே. அவர் இதைக் கிளினிக்கில் நாலு பேரிடம் சொன்னால்? அந்த அக்காவிடம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், துரையின் அறைக்குள் போனதைவிட அந்த லயத்துப் படியேறத்தான் அதிகம் பயந்தேன்.

அவர் மலையிலிருந்து அப்போதுதான் வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துவிட்டு, பீலியடியில் விழும் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் ஒரு அட்டை. அதைக் கிள்ளி எறிந்துவிட்டு என்னைப் பார்த்தார். காம்பராவுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். இந்த முறை கதவைச் சாத்தியது நான். எல்லாவற்றையும் சொன்னேன். நிரையை எழுதியதை, பஸ்ஸை, ஆபிஸை, எதையும் விடவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் பயந்தேன்.

"நான் கூட்டப் பத்திச் சொன்னது அந்தப் பொண்ணுக்கு மட்டுமா தெரியும்? மலையில நின்ன அத்தன பேருக்கும் தெரியும் டீச்சர். யாரும் ஆபிசுல போயிச் சொல்ல மாட்டாங்க. ஆபிசுக் காயிதத்துலதான் அது இல்ல" என்றார். பிறகு, "என்னா எழுதியிருக்கீங்க? வாசிங்க கேப்போம்" என்றார்.

தமிழ்ப் பிரதியை எடுத்து நான்காம் பக்கத்தை வாசித்தேன். கூட்டைக் கண்டது, சொன்னது, அனுப்பியது. சம்பவத்தில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார் என்ற வரியோடு அந்தப் பகுதி முடிகிறது. வாசித்து முடித்துத் தலையைத் தூக்கினேன். அவர் கண் கலங்கியிருந்தது. கோபம் அப்போதுதான் வந்தது அவருக்கு.

"ஒரு தொழிலாளியா? அவளுக்குப் பேரு இல்லையா? என் பேரத்தானே மறைக்கச் சொன்னேன். அவ பேர மறைக்கச் சொன்னேனா? அவள இனிமே எந்தக் கண்டாக்கு என்னா செஞ்சிற முடியும்?"

மறைக்க வேண்டியவரைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். சொல்லியே ஆக வேண்டியவரை மறைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே பக்கத்தில் செய்துவிட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அவர் தன் தோழியின் முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு சேர்த்து, இரண்டு முறை சொன்னார். எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன். அதன் பிறகுதான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தார்.

திங்கட்கிழமை போன பிரதியில் மலையின் நம்பரும் இல்லை, நிரையும் இல்லை. கூட்டைப் பற்றி முன்பே சொன்னார்கள் என்ற விஷயம் மட்டும், பல பேர் சொன்னதாக, இருந்தது. அதற்குப் பிறகு பல மாதங்கள் பயந்துகொண்டே இருந்தேன். வாரம் தவறாமல் அந்த அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, ஆபிஸில் ஏதாவது கேட்டார்களா என்று விசாரிப்பேன். அவருக்கே அலுத்துப் போய்விட்டது. "ஒன்னும் ஆகல டீச்சர், போயித் தூங்குங்க" என்று ஒருநாள் கத்தினார். இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. அவர் அதே காம்பராவில்தான் இருக்கிறார். மகள் கல்வியியற் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

போன வருடம் எனக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் முதல் தாளில் அந்த இறந்தவரின் பெயர் இருக்கிறது. மலையகத்தில் லயத்துக்கு ஒருவர் வைத்திருக்கும் பெயர் அது, யாருடைய வீட்டு வாசலுக்கும் வழி காட்டாது. தகப்பன் பெயரையும் சேர்க்க முடியாததற்கு அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் யோசித்துவிட்டுச் சரி என்றார். இப்போது நானும் மாணவர்களுக்குக் களஆய்வு சொல்லிக்கொடுக்கிறேன். அடையாளம் பாதுகாக்கப்படும் என்ற வரியை அவர்கள் படிவத்தில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பகல் முழுவதும் பட்ட நடுக்கம் திரும்ப வந்துவிடுகிறது. தன் வீட்டையே பணயம் வைத்து ஒருவர் என்னை நம்பிப் பேசும்போது, அதை எழுதும் கை கொஞ்சம் நடுங்கத்தான் வேண்டும். நடுங்காத நாள் வந்தால் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன்.